ஒரே ஆற்றுக்கு ஒரே விழா வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்க எல்லையைக் கடந்து போய்வருவோர் தொகை குறைந்துவிட்டதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான இறக்குமதி வரிச் சண்டையை விரிவாக அலசிய கட்டுரையாளர், டெட்ரோய்ட் ஆற்றின் இக்கரையில் கனடாவில் இருக்கும் வின்ட்சருக்கும் அக்கரையில் அமெரிக்காவில் இருக்கும் டெட்ரோய்டுக்கும் பொதுவாக இருந்த கோடை விழாவைத் தொடவே இல்லை. இந்த ஆற்றங்கரையில் வாழும் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

1959இல் தொடங்கியது சர்வதேச சுதந்திர விழா. யூலை 1 கனடாவின் நாள், யூலை 4 அமெரிக்காவின் நாள். இரண்டையும் இரு நகரங்களும் சேர்ந்தே கொண்டாடின. 2007இல் விழா இரண்டாகப் பிரிந்தது. அங்கே 'ரிவர் டேஸ்', இங்கே 'சம்மர் ஃபெஸ்ட்' என்று பெயர்கள் மாறின. யூன் கடைசியில் ஆற்றின் நடுவே மிதவைகளிலிருந்து விடும் வாணவேடிக்கையை மட்டும் இன்றும் இரு கரைச் சனமும் திரண்டு பார்க்கிறது. சேர்ந்து பார்க்கிறோம், சேர்ந்து நடத்துவதில்லை.

இந்த ஆற்றுக்கும் விடுதலைக்கும் உள்ள உறவு விழாவைவிட மிகப் பழையது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் டெட்ரோய்ட் வரை ஒளிந்து வந்து, இரவில் படகேறி இக்கரை சேர்ந்தார்கள். அவர்களுக்காகச் சிற்பி எட் ட்வைட் இரு கரைகளிலும் வெண்கலச் சிலைகள் செய்தார். அக்கரையில் இருப்பவர்கள் கனடாவை நோக்கி நிற்கிறார்கள். இக்கரையில் இருப்பவர்கள் வந்து சேர்ந்தவர்கள். அவை திறக்கப்பட்டது 2001 ஒக்ரோபரில். நியூயோர்க் தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன, எல்லையில் கெடுபிடி உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்திலேயே இரு நகரங்களும் அதைச் செய்து காட்டின. அகதிகளாய் வந்த நம்மவர்கள் ஒருமுறையாவது பிள்ளைகளைக் கூட்டிச்சென்று அந்தச் சிலைகளைக் காட்ட வேண்டும்.

"கனடாவை அமெரிக்காவின் 51ஆவது மாநிலம் என்கிறவர்களோடு என்ன கொண்டாட்டம்?" என்று இங்கே பலர் கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் வரி போட்டது டெட்ரோய்ட் அயலவர் அல்ல. ஒரு காரின் உதிரிப்பாகம் முழுக் காரில் பொருந்துமுன் பலமுறை இந்த எல்லையைக் கடக்கிறது. வரி ஏறினால் இரு கரைத் தொழிலாளியும்தான் அடிபடுகிறான். நம் ஊர்த் தாதியர் பலர் நாளாந்தம் அக்கரை மருத்துவமனைகளுக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள்.

ஆற்றின் அடியே போகும் சுரங்கப்பாதை வழியே இரு நகரங்களையும் இணைத்த பேருந்தும் 2025இல் நின்றுவிட்டது. கார் இல்லாதவருக்கு அது பேரிழப்பு. விழா நாட்களிலாவது அது ஓட வேண்டும். இரு நகரங்களுக்கும் இடையே புதிதாகக் கட்டிய கோர்டி ஹவ் பாலத்தில் நடப்பவருக்கும் சைக்கிளோடிகளுக்கும் தனிப்பாதை அமைத்திருக்கிறார்கள். விழாவின் முதல் நாள் இரு ஊராரும் அதில் நடந்துபோய்ச் சந்திக்கலாம். பழைய பெயரில், ஒரே நிகழ்ச்சி நிரலில் விழாவை மீண்டும் நடத்தும்படி வின்ட்சர் தமிழ் அமைப்புகள் நகரசபைக்கு எழுத வேண்டும். உங்கள் இதழும் இதைப் பற்றி ஓர் ஆசிரிய தலையங்கம் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வின்ட்சர், ஒன்ராறியோ