ஏர் பிஸ்டலுக்குச் சொன்னது ஒன்று, அனுப்பியது ஒன்று: உதிரிபாகங்கள் குறித்த புகார்

பெறுநர்:
விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
துப்பாக்கிச் சுடுதல் உபகரண விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: பில்லில் உள்ளதற்கு மாறான பாகங்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரக் கோருதல்.

ஐயா,

என் மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். புதுத் துப்பாக்கிக்கு லட்சக்கணக்கில் ஆகும் என்பதால், இறக்குமதியான பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கி உள்பாகங்களை மட்டும் மாற்றிக்கொள்ள முடிவு செய்தோம். போனில் விசாரித்தபோது உங்கள் ஊழியர், "மாடலும் பாடி நம்பரும் மட்டும் சொல்லுங்க சார், எது எதோட சேரும்னு நாங்களே பார்த்து செட்டா அனுப்பறோம்" என்றார். அதை நம்பித்தான் முழுத்தொகையையும் முன்கூட்டியே கட்டினேன். வந்து சேர்ந்தது செட் அல்ல. கடையில் கையிருப்பில் கிடந்ததை எல்லாம் ஒரே கவரில் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள்.

முதலில் சியர். ட்ரிகரை அழுத்தும்போது, காற்று வால்வைத் தட்டும் சுத்தியலான ஹேமரை விடுவிக்கும் அந்தச் சின்னத் துண்டின் விளிம்பில்தான் எல்லாமே இருக்கிறது. ஹார்டனிங் செய்த (சூடாக்கிக் கடினமாக்கிய) டூல் ஸ்டீலில், வயர்கட் செய்தது (மின்கம்பியால் வெட்டி எடுத்தது) வேண்டும் என்று கேட்டேன். பில்லிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். பொருத்தியபோது ட்ரிகர் எடை, அதாவது ட்ரிகர் விடுபடத் தேவையான இழுப்பு, 520 கிராமில் நின்றது. கொஞ்ச நாள் பயிற்சியிலேயே 480க்கு இறங்கிவிட்டது. சர்வதேச விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிகர் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பரிசோதனை மேசையில் குழலைச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிகரில் மாட்டிய எடைக்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும். போட்டி முடிந்த பிறகு நடக்கும் பரிசோதனையில் குறைந்தால் தகுதி நீக்கம்தான்.

எடை குறைந்ததைக்கூட விடுங்கள். ஒரு நாள் குண்டைப் போட்டு லீவரை மூடும்போதே, ட்ரிகரில் விரல் வைக்காமலே, துப்பாக்கி சுட்டுவிட்டது. குழல் இலக்குப் பக்கம் பார்த்திருந்ததால் குண்டு முன்னால் தரையில் போய் அடித்தது. அன்றோடு அந்தப் பிஸ்டலைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நான் புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் டூல்ரூமில் வேலை பார்ப்பவன். சியரைக் கழற்றி, வேலை செய்யாத ஓரத்தில் சின்ன அரத்தை வைத்து லேசாக இழுத்துப் பார்த்தேன். சரியாக ஹார்டன் ஆன டூல் ஸ்டீலில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் நன்றாகக் கடித்துத் தூள் உதிர்ந்தது. பக்கவாட்டில், அச்சில் வார்த்த பாகத்தை வெளியே தள்ளிவிடும் பின்னின் வட்டத் தடம் வேறு; வயர்கட் செய்ததில் அது இருக்காது. அச்சில் செய்த பாகமே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்தால் அதுவும் வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கில்லை. மேலும் இந்தத் துப்பாக்கியின் ஹேமர் பழைய, நன்கு இறுகிய எஃகு. அதோடு மெத்தென்ற சியரைச் சேர்த்தால் எது தேயும் என்று செட் சேர்த்து அனுப்புகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

இதைச் சொன்னபோது உங்கள் ஆட்கள், "ட்ரிகர் ஸ்பிரிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் டைட் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்றார்கள். இறுக்கினால் எடைக்கல்லைத் தூக்கும், சரி. தேய்ந்த விளிம்பு திரும்ப முளைக்குமா?

அடுத்தது ஓ-ரிங், அதாவது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். 200 பார் அழுத்தம் வரை காற்றடைக்கும் சிலிண்டரின் வாயில் உட்கார வேண்டியது அது. இந்த அழுத்தத்துக்கு 90 ஷோர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவு) கடினம் உள்ள ரிங் வேண்டும். நீங்கள் அனுப்பிய உறையில் 70 என்றே அச்சிட்டிருக்கிறது. சோப்பு நுரை தடவினால் மூட்டில் குமிழ் குமிழாக வருகிறது. ராத்திரி நிரப்பி வைத்தால் காலையில் மானியின் முள் இறங்கிக் கிடக்கிறது.

கேட்காத ஒன்றையும் சேர்த்து அனுப்பிப் பில் போட்டிருக்கிறீர்கள்: தடித்த ஹேமர் ஸ்பிரிங். "பவர் கூடும்" என்று விளக்கம். பவரை வைத்து என்ன செய்வது? அரை கிராம் சொச்சம் உள்ள 4.5 மி.மீ. குண்டு வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 6 ஜூல். காகித இலக்குக்கு அது தாராளம். ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும், அவ்வளவுதான். பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிட்டேன்.

"சின்ன பார்ட்ஸ்தானே சார்" என்று உங்கள் ஊழியர் சிரித்ததையும் குறிப்பிட வேண்டும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, நேரம் போய், இறுதிச் சுற்றுக்குப் போக முடியாமல் ஆனது சுடுதல் பொருள் விற்கும் உங்களுக்குத் தெரியாதா? 75 நிமிடத்தில் 60 குண்டு சுட்டாக வேண்டிய பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சின்ன பார்ட்ஸ் என்று.

ஆகவே சியர், ஓ-ரிங், ஹேமர் ஸ்பிரிங் மூன்றையும் உங்கள் செலவில் திரும்பப் பெற்று, அவற்றின் விலையையும் நான் கட்டிய கூரியர் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். மாற்றுப் பாகம் வேண்டாம். இதே சியரை வேறு யாருக்காவது விற்றிருந்தால் அவர்களை உடனே எச்சரியுங்கள். தானாகச் சுடும் துப்பாக்கி யார் கையிலும் இருக்கக் கூடாது.

பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் புதுச்சேரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இதற்காக நான் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பில் நகல், அரம் கடித்த சியரின் படம், ஓ-ரிங் உறையின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பாகங்கள் என்னிடம் பத்திரமாக உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.