மாமா, அது வெறும் கேஸ் இல்லை

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று அத்தை போனில் சொன்னார். காசிமேட்டில் கேட்கிறவர்களிடமெல்லாம் 'கேஸ் டிரபிள்தான், சரியாகிவிட்டது' என்கிறீர்களாமே. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்களைப் படுத்தியது கணைய அழற்சி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கிறது கணையம். இன்சுலின் சுரந்து ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதும் அதுதான். தினமும் ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீரைக் குடலுக்கு அனுப்புவதும் அதுதான். நீங்கள் விரும்பிச் சாப்பிடும் வஞ்சிரம் வறுவலைக் கரைப்பது அந்த நீர். அதில் புரதத்தை உடைக்கிற நொதிகள் கணையத்துக்குள் செயல்படாமல்தான் இருக்கும். சிறுகுடலைச் சேர்ந்த பிறகே வேலையை ஆரம்பிக்கும். அழற்சியில் அவை உள்ளேயே ஆரம்பித்துவிடுகின்றன. கணையம் தன் சதையையே செரிக்கிறது, மாமா. மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை போன வலியில் மல்லாந்து படுக்க முடியாமல், குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அது இதனால்தான். இஞ்சிச் சாறும் சோடாவும் அங்கே என்ன செய்யும்?

இந்த அழற்சியை அணைக்கத் தனி மாத்திரை கிடையாது. ட்ரிப்ஸ் ஏற்றி, வலியைக் குறைத்து, ஆறவிடுவதுதான் வைத்தியம். பெரும்பாலானவர்களுக்கு ஆறிவிடும். சிலருக்குச் சிறுநீரகம், நுரையீரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகும்.

கோபப்படாமல் கேளுங்கள். முக்கியமான காரணங்கள் பித்தப்பைக் கல்லும் குடியும். ஸ்கேனில் கல் இல்லை. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ரொம்ப ஏறினாலும் இது வரும், உங்களுக்கு அதுவும் நார்மல். அப்புறம் முக்கியமாக மிச்சம் இருப்பது குடிதான். 'ஒரு கட்டிங்தானே' என்று திரும்ப ஆரம்பித்தால் அழற்சி திரும்பத் திரும்ப வரும். கணையம் தழும்பேறி இறுகும். எண்ணெய் மிதக்கிற மலம், எடை இழப்பு, கடைசியில் இன்சுலின் ஊசி. பீடியும் இதை வேகப்படுத்தும். இரண்டையும் விட்டுவிடுங்கள். தனியாக விட முடியவில்லை என்றால் அதற்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வையுங்கள், அடுத்த ஓ.பி.க்கு நானே கூட்டிப் போகிறேன். அதற்குள் வலியோ வாந்தியோ காய்ச்சலோ வந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்