மேற்குப் பார்த்த கடைக்குக் கண்ணாடி முகப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ9 வீதி வடக்குத் தெற்காக ஓடுவதால், கிளிநொச்சியில் வீதியின் கிழக்குப் பக்கக் கடைகள் மேற்கையே பார்க்கின்றன. அவற்றுக்கும் இப்போது தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பின்னேரம் 4 மணிக்குப் போய்ப் பாருங்கள். ஏசி இரையும், கல்லாவில் இருப்பவருக்கு வியர்க்கும், முகப்பில் தொங்கும் சேலையின் மடிப்போரம் வெளிறியிருக்கும். உள்ளே திரை போட்டுப் பெரிய பயனில்லை. கண்ணாடியைத் தாண்டிய வெக்கை உள்ளேதான் நிற்கும். வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும். பழைய கடைகளைப்போல் 6 அடி விறாந்தை விடலாம். சாய்ந்த வெயிலுக்கு அது மட்டும் போதாது, விறாந்தை விளிம்பில் செங்குத்தான தட்டிகளும் வேண்டும். மாரியில் தூவானமும் குறையும்.

வாசல் இன்னும் மோசம். 6 அங்குல உயரத்துக்குச் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். இங்கே 2 அடிக்குள் மினுக்கிய டைல்ஸைச் சரித்து ஒட்டிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் தனியே ஏற முடியாது. செயற்கைக் காலுடன் வருபவர் மழை நாளில் வழுக்கி விழுவார். போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் வன்னியில் இதையும் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது! சொரசொரப்பான டைல்ஸ், ஒரு கைபிடி, 3 அடிக்குக் குறையாத கதவு போதும்.

புடவைக்கடைக்காரருக்கு ஒன்று: நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும் 6500 கெல்வின் மலிவு எல்ஈடியில் அரக்குச் சேலை மண்ணிறமாகத் தெரியும். நீலம் குறைந்த 4000 கெல்வினில், நிறச் சுட்டெண் (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, CRI) 90க்கு மேற்பட்ட விளக்கை மாட்டினால் நிறம் மாறிவிட்டதென்று திருப்பிக் கொண்டுவருவோர் குறைவர்.

கட்டட வரைஞர்கள் சிலர்,
கிளிநொச்சி.