படிச்ச புள்ள தோட்டத்துக்குப் போனா அதுல என்ன பாவம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வேலை தேடுற இளைஞர்களுக்குன்னு ஒரு தன்னம்பிக்கை கட்டுரை வந்துச்சு. காலைல அஞ்சு மணிக்கு எந்திரி, கண்ணாடி முன்னாடி நின்னு என்னால முடியும்னு பத்து தடவ சொல்லு, நெகட்டிவா பேசுறவங்கள பக்கத்துல சேக்காதன்னு. எழுதுனவரு நல்ல மனசோடதான் எழுதிருப்பாரு. ஆனா எங்க கம்பம் பக்கம் நெகட்டிவா பேசுறவங்கள ஒதுக்கணும்னா பெத்தவங்க, பெரியம்மா, பால் ஊத்துற அண்ணன், பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காருற முகம் தெரியாத ஆளு வரைக்கும் ஒதுக்கணும், அப்புறம் யாருகிட்டதான் பேசுறது. அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறதும் எங்களுக்குப் புதுசில்ல சார், அதுக்கு முன்னாடியே தூக்குவாளில சோத்தக் கட்டிக்கிட்டு ஜீப்புக்கு நிக்கிற பொம்பளைங்களப் பாத்துதான் வளந்தோம்.

நான் சொல்ல வந்தது அந்தக் கட்டுரையப் பத்தி மட்டும் இல்ல. அதே வாரம் இன்னொரு செய்தி, டிகிரி படிச்ச பையன் ஏலக்காய்த் தோட்டத்துல கூலி வேலை பாக்குறாருன்னு ஒரு போட்டோ போட்டு, படிக்கிறவங்க உச்சு கொட்டுற மாதிரி. வேலை கிடைக்கலங்கிறது செய்திதான், கண்டிப்பா போடுங்க, ஆனா அந்தப் பையன் தலைய குனிஞ்சு நிக்கிற மாதிரி போட்டோ எதுக்கு? அந்தத் தோட்டத்துல தினமும் தேனி மாவட்டத்துல இருந்து எத்தனையோ பேரு வேலை செய்றாங்க. கம்பம், கூடலூர், போடின்னு எல்லா ஊர்லயும் விடியுறதுக்குள்ள ஜீப்பு கிளம்பி குமுளி வழியா, கம்பம்மெட்டு வழியா, போடிமெட்டு வழியா கேரளாவோட இடுக்கி மலைக்கு ஏறுது, இங்க கிடைக்கிற கூலிய விட அங்க கூட கிடைக்குதுன்னுதான் போறாங்க. வண்டில நெருக்கியடிச்சு ஏத்துறாங்க, வளைவுல விபத்து நடக்கும்போது மட்டும் அவங்கள பேப்பர்ல பாக்கலாம்.

எங்க அம்மா அப்படித்தான் போச்சு. ஏலக்காய் செடிக்கு மேல காய்க்காது, தூருக்குப் பக்கத்துல மண்ணோட மண்ணா சரம் ஓடும், அதுல முத்துன காய மட்டும் பாத்து எடுக்கணும், பிஞ்சுல கை வெச்சா வஞ்சுருவாங்க. நாள் பூரா குனிஞ்சுக்கிட்டும் குத்த வெச்சுக்கிட்டும் எடுக்கணும், மழை பேஞ்சா அட்டை ஏறும். அந்தக் காசுலதான் நான் எம்.எஸ்சி. மேத்ஸ், அப்புறம் பி.எட். ரெண்டும் படிச்சேன். இப்ப நான் வேலை இல்லாம சீசனுக்கு மலைக்குப் போறேன்னா அது எப்படி குடும்பத்துக்கு கேவலம் ஆகும்? அம்மா போகையில யாரும் கேவலம்னு சொல்லல, அதே ஜீப்புல நான் ஏறுனா மட்டும் தெருவே ஒரு மாதிரி பாக்குது. அப்படின்னா அம்மா பாத்த வேலைய உள்ளுக்குள்ள என்னன்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்கன்னு கேக்கத் தோணுது.

ஆனா அம்மாவே ஒண்ணு கேட்டுச்சு, நான் காய் எடுத்தது நீயும் வந்து காய் எடுக்கவான்னு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா அம்மா கேட்டது நியாயம். அதனால ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், கிடைச்ச வேலையில திருப்தியா இருங்கன்னு நான் சொல்லல. நான் கிளாஸ் எடுக்கப் படிச்சவ, எனக்கு கரும்பலகை முன்னாடி நிக்கணும், அந்த ஆசைய விடப் போறதில்ல. தோட்ட வேலை கேவலமும் இல்ல, என் படிப்புக்கு ஏத்த வேலை கேக்குறது பேராசையும் இல்ல. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம், ஊருக்கு என்னமோ ஒண்ணுதான் புரியுது.

என் கதை பெரிய கதை இல்ல, இங்க டெட்டுங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுன ஆயிரம் பேரு கதைதான். 2013-ல டெட் பாஸ் பண்ணேன். பாஸ் ஆனா வேலைன்னு நெனச்சோம், பழைய மார்க்கையும் சேத்துக் கணக்குப் போடுற வெயிட்டேஜ்னு கொண்டு வந்தாங்க, நூத்துக்கு டெட் மார்க்குக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, டிகிரிக்கு 15, பி.எட்.டுக்கு 15. எப்பவோ 17 வயசுல எழுதுன பரீட்சை மார்க்கு வந்து குறுக்க நின்னுச்சு, பிளஸ் டூல யாருக்கும் மார்க்க அள்ளிக் குடுக்காத காலத்துல படிச்ச சீனியர்ஸ் நெலமை இன்னும் மோசம். 2018-ல அரசாணை 149 போட்டு வெயிட்டேஜ எடுத்தாங்க, சந்தோஷப்படுறதுக்குள்ள பாஸ் பண்ணவங்க எல்லாரும் இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும்னுட்டாங்க. நடுவுல சர்டிபிகேட்டு ஏழு வருஷத்துக்குத்தான் செல்லும்னு இருந்துச்சு, 2020-ல எங்களுக்கு காலாவதி, 2021-ல ஆயுசுக்கும் செல்லும்னு மாத்துனாங்க. சர்டிபிகேட்டுக்கு ஆயுசு குடுத்தாங்க, வேலை குடுக்கல.

இதுக்கு நடுவுல ஒரு தனியார் ஸ்கூல்ல மேத்ஸ் எடுத்தேன், பசங்க குறைஞ்சுட்டாங்கன்னு நிறுத்திட்டாங்க. இப்ப சாயங்காலம் வீட்டுல டியூசன், சீசன்ல சில நாள் மலை. தகுதி இருக்குன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்த பேப்பர் பீரோவுல இருக்கு, ஆனா வருஷக் கணக்கா ஒருத்தரும் கூப்பிடலன்னா தப்பு நம்மகிட்டதானோன்னு மனசு தானா கேக்க ஆரம்பிச்சுருது. கண்ணாடியப் பாத்து முடியும்னு சொன்னா நிக்கிற சந்தேகம் இல்ல இது. 2022 குரூப் 4-க்கு 7,301 இடம்னு அறிவிச்சாங்க, 22 லட்சம் பேரு அப்ளை பண்ணாங்க. கணக்கு டீச்சர் நான், ஒரு இடத்துக்கு முந்நூறு பேருன்னு வருது. முந்நூறு பேரும் அஞ்சு மணிக்கே எந்திரிச்சாலும் ஒருத்தருக்குத்தான் வேலை, மீதி 299 பேரும் தன்னம்பிக்கை இல்லாதவங்கன்னு ஆயிருமா?

ஆஸ்திரியா நாட்டுல மரியென்தால்னு ஒரு ஊரு, மில்லு ஒண்ணு மூடி ஊரே வேலை இல்லாம போன கதைய 1930-கள்ல மரி யஹோடான்னு ஒரு அம்மாவும் அவங்க கூட இருந்தவங்களும் போய் ஆராய்ச்சி பண்ணாங்க. அதுல ஒரு விஷயம் என்னைய உலுக்கிருச்சு. நேரம் நெறைய கிடைச்சும் லைப்ரரில புக்கு எடுக்குறது கூடல, குறைஞ்சு போச்சு. ஆம்பளைங்க வாட்ச் கட்டுறதயே விட்டுட்டாங்க, தெருவுல நடக்குறதே மெதுவாயிருச்சு, நாலு எட்டு வெக்கிறதுக்குள்ள நின்னுருவாங்க. பொம்பளைங்க மட்டும் வெரசா நடந்தாங்களாம், ஏன்னா அவங்களுக்கு வீட்டு வேலை ஓயல. சம்பளம் மட்டும் இல்ல, வேலை ஒரு மனுசனுக்கு நாளப் பிரிச்சுக் குடுக்குது, நாலு பேரோட பழக வெக்குது, ஊர்ல ஒரு மரியாத குடுக்குது, தன்னால ஒரு காரியம் ஆகுதுன்னு காட்டுதுன்னு யஹோடா பின்னாடி எழுதுனாங்க. எங்க ஊரு டீக்கடை பெஞ்சுல செல்போனப் பாத்துக்கிட்டே நாள ஓட்டுற தம்பிங்கள சோம்பேறின்னு சொல்றவங்க இதக் கொஞ்சம் யோசிக்கணும். சோம்பேறியா இருந்ததால வேலை போகல, வேலை போனதால நாள் உருவழிஞ்சு போச்சு.

அதனால எனக்கு எது உதவுச்சுன்னு கேட்டா சின்ன விஷயந்தான். சாயங்காலம் ஆறு மணின்னா பசங்க வந்து திண்ணைல உக்காந்துருவாங்க, எனக்கு காய்ச்சலா இருந்தாலும் எந்திரிச்சுத்தான் ஆகணும், அதுல வர்ற காசு ரேசன் கடைக்குப் போய்ட்டு வரவே சரியா இருக்கும், ஆனா எனக்காக நாலு பேரு காத்திருக்காங்கங்கிறதுதான் என்னைய நிமித்துச்சு. மலைல காய் எடுக்குற நாள்லயும் அப்படித்தான், நான் வரலன்னா என் வரிசைய யாராச்சும் சேத்து எடுக்கணும், அக்காமாருங்க கேப்பாங்க. வீட்டுக்குள்ளயே உக்காந்து யூடியூப்ல மோட்டிவேசன் பாத்த நாள்ல இது எதுவும் கிடைக்கல.

பொம்பளைங்களுக்கு இன்னொரு கூத்து இருக்கு. அரசாங்கக் கணக்குல வேலை தேடுறேன்னு சொன்னாத்தான் வேலை இல்லாதவங்க, வீட்டு வேலைதான் பாக்குறோம்னு சொல்லிட்டா அந்தக் கணக்குலயே வர மாட்டோம். என் கூட பி.எட். முடிச்ச புள்ளைங்க பாதிப் பேரு இப்படித்தான் காணாம போயிட்டாங்க. ஆம்பளப் பையன்கிட்ட என்ன வேலை பாக்குறன்னு கேக்குறாங்க, அவனுக்கு அது முள்ளு மாதிரி குத்துது, எங்ககிட்ட அதக் கூட கேக்க மாட்டாங்க, எப்ப கல்யாணம்னுதான். கல்யாணம் ஆயிருச்சுன்னா விஷயம் முடிஞ்சது.

வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சு வெச்சா உதவித்தொகை உண்டு, பத்தாவது பாஸுக்கு மாசம் 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600 ரூபா. பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், வீட்டு வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள்ள இருக்கணும், மூணு வருஷத்துக்குத்தான் தருவாங்க. 600 ரூபா சின்னக் காசுதான், ஆனா பரீட்சை பீஸுக்கும் தேனி போய் வர்ற பஸ்ஸுக்கும் அப்பாகிட்ட கை நீட்டாம இருக்கலாம், கை நீட்டாம இருக்கிற ஒரு நாள் எவ்வளவு பெருசுன்னு வேலை இல்லாதவங்களக் கேட்டாத் தெரியும். இது நெறையப் பேருக்குத் தெரியவே தெரியாது, தன்னம்பிக்கை கட்டுரைக்குப் பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தியா போட்டீங்கன்னா உபயோகமா இருக்கும். வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டம்னு ஃப்ரீயா கோச்சிங் நடக்குறதையும் சேத்துப் போடுங்க.

கடைசியா ஸ்கூல் நடத்துறவங்க, கம்பெனி நடத்துறவங்க இதப் படிச்சா அவங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்டர்வியூன்னு கூப்பிடுறீங்க, டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்றீங்க, ராத்திரி பூரா தயார் பண்ணி, இருக்கிறதுல நல்ல சேலையா பாத்துக் கட்டிக்கிட்டு வந்து எடுக்கிறோம், சொல்றோம்மான்னு அனுப்பிட்டு அப்புறம் சத்தமே இல்ல. போன் பண்ணா எடுக்க மாட்டீங்க. ஒரு மாசம் ஒவ்வொரு தெரியாத நம்பர் வரும்போதும் நெஞ்சு அடிச்சுக்குது, ஆபீஸ்ல ஒருத்தரு உக்காந்து வந்த எல்லாருக்கும் வாட்ஸப் அனுப்ப பத்து நிமிசம் ஆகாது. வேலை இல்லைன்னா இல்லைன்னே சொல்லிருங்க, அடுத்த இடத்தப் பாத்துக்குவோம்.

இப்படிக்கு,
ஒரு டெட் பாஸ் டீச்சர்,
கம்பம், தேனி மாவட்டம்.