உன் எண்ணெய் பாட்டிலைப் பற்றி

அன்புள்ள பாலு,

நீ அனுப்பிய நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் போன வாரம் வந்து சேர்ந்தன. அம்மா மூடியைத் திறந்ததுமே "இது செக்கில் ஆட்டியதுதான்" என்று சொல்லிவிட்டார், அதற்கு மேல் உனக்கு நற்சான்று தேவையில்லை. அவருக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு, அதனால் வீடே அவளுடைய டியூஷன் நேரத்தை வைத்துத்தான் ஓடுகிறது.

லேபிள் எப்படி என்று கேட்டிருந்தாய். படம், எழுத்து, நிறம் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் தோசைக்கு எண்ணெய் விட்டுவிட்டு பாட்டிலை நிமிர்த்தும்போது கடைசிச் சொட்டு கழுத்து வழியாக இறங்குகிறது பார், என் கவலை அதில்தான். நாலு நாளில் அது லேபிள் வரை வந்து, காகிதம் ஊறி, உன் ஊர்ப் பெயர் இருக்கிற ஓரம் உரியத் தொடங்கிவிட்டது. பாட்டிலை எடுத்தால் கை பிசுபிசுக்கிறது, அம்மா அடியில் ஒரு பழைய தட்டு வைத்துவிட்டார். அப்புறம், தயாரித்த தேதியை மூடியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையில் அச்சடித்திருக்கிறாய். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டால்தான் பாட்டிலையே திறக்க முடியும்! கடை அலமாரியில் இதெல்லாம் தெரியாது, வாங்கியவர் வீட்டில் பாட்டில் தீரும்வரை தெரியும்.

ஜில்லெட் மாதிரிப் பெரிய கம்பெனிக்கே இது நடந்திருக்கிறது. 2002 வாக்கில் இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் கொண்டுவந்தார்கள். பிளேடில் சிக்கும் முடியைத் தள்ளிவிட அதில் ஒரு சின்னப் பட்டை உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்களுக்குப் பிடித்திருந்தது. இங்கே வந்தபோது சரிவரவில்லை. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், இங்கே எத்தனையோ பேர் ஒரு டம்ளர் தண்ணீரில் ஷேவ் செய்கிறார்கள், அதில் முடி எங்கே போகும்? அதற்கப்புறம்தான் ஆட்களை அனுப்பி, வீடு வீடாக உட்கார்ந்து, தரையில் அமர்ந்து மங்கலான வெளிச்சத்தில் கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் எப்படி ஷேவ் செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2010இல் வந்த 'கார்டு' (Guard) ரேசர் அப்படிப் பிறந்ததுதான்: ஒற்றை பிளேடு, வெட்டுப்படாமல் இருக்க முன்னால் சீப்பு மாதிரி ஒரு விளிம்பு, கொஞ்சம் தண்ணீரிலேயே கழுவிவிடலாம், அப்போது கைப்பிடியோடு 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது கைப்பிடியின் அடியில் இருக்கும் ஓட்டை. சுவரில் ஆணியில் மாட்டி வைக்க! பல வீடுகளில் அலமாரி கிடையாது, ஆணிதான் உண்டு என்று கண்ணால் பார்த்தவனுக்குத்தான் அந்த ஓட்டை தோன்றும்.

விற்பனையிலும் இதே கதைதான். கடலூரில் 1983இல் ரங்கநாதன் 15,000 ரூபாயில் தொடங்கிய சிக் ஷாம்பு உனக்கு நினைவிருக்கும். ஷாம்பு என்றாலே தெரியாத ஊர்களுக்குப் போய், பையன்களை உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்றார்கள், அதற்காகவே ஜனங்கள் கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். மல்லிகை வாசனையிலும் கொண்டுவந்தார்கள். தலையில் தினம் பூ வைக்கிற பெண்களுக்கு வேறென்ன வாசனை பிடிக்கும், சொல்!

உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அச்சகத்தில் புது டிசைனுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் மூடியை மாற்று. உள்ளே மூக்கு வைத்து, சொட்டைத் திருப்பி உள்ளேயே விடுகிற மூடி கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் அதையே போடு. காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர், தேதி பாட்டில் மேலேயே, அம்மா வயதுக்காரர்கள் படிக்கிற அளவு எழுத்தில். உன் அத்தை வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்துவிட்டு, பத்து நாள் கழித்துப் போய் அடுப்படியில் அது எங்கே, எப்படி நிற்கிறது என்று பார். எப்படியிருக்கு என்று கேட்காதே, நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த மாதம் ஈரோட்டில் ஒரு கல்யாணம், நானும் வருகிறேன். அதற்குள் மூடி மாதிரிகள் இரண்டு மூன்று வாங்கி வை, சேர்ந்து ஊற்றிப் பார்ப்போம்.

அன்புடன்,
ரவி