கதிரின் லேப்டாப் பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. மன்னித்துவிடு. சீட்டு எடுத்து 70,000 வைத்திருப்பதாகவும், என் மகள் இந்துவுக்கு நான் வாங்கிய கேமிங் லேப்டாப்பையே உன் மகன் கதிருக்கும் வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம், வாங்காதே. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்த லேப்டாப்பைப் பற்றி உன்னிடம் அரை மணி நேரம் பெருமை பேசியது நான்தானே. போனில் சொன்னால் பாதியிலேயே ‘சரி சரி, பார்த்துக்கலாம்’ என்று வைத்துவிடுவாய். பாலிடெக்னிக் நாளில் இருந்தே உனக்கு அந்தப் பழக்கம். அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நம் நண்பன் ஸ்டீபன் போன மாதம் வந்திருந்தான். தாழையூத்துக் கதையை மறுபடியும் முழுசாகச் சொன்னான், இந்த முறை உன் பங்கு இன்னும் கூடியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் பார்த்தது ஆர்டிஎக்ஸ் 3050 என்ற கிராபிக்ஸ் கார்டின் ஸ்டிக்கரையும் 62,000 என்ற விலையையும் மட்டும்தான். அந்த ஒரே பெயரில் 35 வாட் கார்டும் வருகிறது, 80 வாட் கார்டும் வருகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எவ்வளவு மின்சாரம் கார்டுக்குப் போகிறதோ அவ்வளவு வேலைதான் அது செய்யும். இந்துவின் தோழியிடம் இருப்பதும் அதே 3050தான். ஒரே கேம் அவளுடையதில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, இவளுடையதில் திணறுகிறது. பெட்டியில் அந்த வாட் கணக்கு இல்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. அதைவிடப் புதிய 4050 கார்டும் இப்படித்தான், 35 வாட்டில் இருந்து 115 வரை. நீ கடையில் லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லி, என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பார். அதிகபட்ச வாட் அங்கே எழுதியிருக்கும். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடு.

அதுகூடப் பரவாயில்லை. மூடியின் கீல்தான் என்னை வருத்தப்பட வைத்துவிட்டது. நீயும் நானும் மெக்கானிக்கல் படித்தவர்கள், பார்த்த உடனே பிடித்திருக்க வேண்டிய விஷயம். கீல் நல்ல இறுக்கமான இரும்பு. ஆனால் அதன் திருகுகள் இறங்குவது மெல்லிய பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைக் குழிகளில். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முறுக்கு முழுவதும் பிளாஸ்டிக்குக்குத்தான் போகிறது. ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் இன்னும் மோசம். ஒன்றரை வருடத்தில் குழி பெயர்ந்து வந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் ‘வெளிச்சேதம், வாரன்டியில் வராது’ என்று சொல்லி 6,500 வாங்கிக்கொண்டார்கள். அதனால் விபத்துச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பை வாங்கும்போதே சேர்த்து எடு. மூடியை நடுவில் பிடித்துத் திறக்கக் கதிருக்குப் பழக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீல் உடைந்து இரண்டு மாதம் இந்து எங்களிடம் சொல்லவே இல்லை. செல்லோடேப் ஒட்டி, திரையைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேரில் அசைன்மென்ட் செய்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ‘லோன் இன்னும் முடியலையேப்பா’ என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை முருகேசா. நாம் பிள்ளைகள் முன்னால் பணக்கணக்கைப் பேசிப் பேசி என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. சீட்டு எடுத்த விஷயம் கதிருக்குத் தெரிந்தால் தெரியட்டும். ஆனால் எது உடைந்தாலும் அன்றைக்கே அப்பாவிடம் சொல்லலாம் என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கதிரிடம் நேரடியாகப் பேசினேன். உன்னிடம் ‘படிக்கத்தான்’ என்று சொல்லியிருக்கிறான், என்னிடம் உண்மையைச் சொன்னான். நண்பர்களோடு வேலரன்ட் ஆட வேண்டும், ஒரு நாள் சைபர்பங்க் ஆட வேண்டும். அவன் ஆடினால் என்ன? நாம் ஹாஸ்டலில் விடிய விடியக் கேரம் ஆடவில்லையா? வேலரன்ட்டுக்கு 2012ல் வந்த, பிராசஸரிலேயே சேர்ந்து வரும் இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ் கூடப் போதும் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். சைபர்பங்க்தான் 6 ஜிபி நினைவகமுள்ள கார்டு கேட்கிறது. அவன் எடுத்திருப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். பைத்தானிலும் சி-யிலும் புரோகிராம் எழுதக் கார்டே வேண்டாம், மெஷின் லேர்னிங் பக்கம் போனால் என்விடியா கார்டு கைகொடுக்கும். ஆகவே 4050 கிடைத்தால் நல்லது. விலை மிஞ்சினால் 6 ஜிபி 3050 எடு, 4 ஜிபி மட்டும் வேண்டாம்.

ராம் 16 ஜிபி போட்டே வரட்டும். ‘8 வாங்கி அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது அது செல்லாது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. பிராசஸரில் ரைசன் 7 7735எச்எஸ் என்று போட்டிருந்தால் 7735ல் முன்னாலுள்ள 7ஐப் பார்த்துப் புதுசு என்று நினைத்துவிடாதே. அதில் மூன்றாவது எண்ணைப் பார். 3 என்றால் ஏஎம்டியின் பழைய ஜென் 3 வகை வடிவமைப்பு, 4 என்றால்தான் ஜென் 4. பழையது மோசமில்லை, ஆனால் புதியதன் விலையைக் கொடுக்காதே. திரையின் வெளிச்சம் 300 நிட்ஸாவது இருக்கட்டும். இந்துவுடையதில் பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகம்தான் தெரிகிறது.

ஒன்றைக் கதிருக்கு இப்போதே சொல்லிவை. கேமிங் லேப்டாப் எதுவும் சார்ஜர் இல்லாமல் முழு வேகத்தில் ஓடாது. இரண்டு கிலோவுக்கு மேல் லேப்டாப், செங்கல் மாதிரி சார்ஜர், இரண்டையும் தினமும் சுமக்க வேண்டும். ஹாஸ்டலில் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று முதலில் விசாரி.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி வருகிறேன். மறுநாள் மூன்று பேரும் சேர்ந்தே கடைக்குப் போவோம், கதிரே மூடியைத் திறந்து பார்க்கட்டும். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. தங்கச்சியிடம் கருப்பட்டி வாங்கிவைக்கச் சொல், இங்கே தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
சேகர்