ஸ்டென்ட் ஒப்புதல் படிவத்தில் இல்லாத எண்கள்

மூளை இரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். மூளைக்குள் செல்லும் இரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, ஸ்டென்ட் வைக்கலாம் என்று நீங்கள் சொன்னதும் குடும்பத்தார் நினைப்பது இதய ஸ்டென்ட்டைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் வைத்துக்கொண்டு நன்றாகத்தானே நடமாடுகிறார் என்று ஒருவர் சொன்னால் போதும், கையெழுத்து விழுந்துவிடும். என் தந்தைக்காக நான் கையெழுத்திட்ட படிவத்தில், பக்கவாதம், இரத்தக்கசிவு, உயிரிழப்பு ஆகியவை நேரலாம் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி அச்சாகியிருந்தது. நூற்றில் எத்தனை பேருக்கு நேரும் என்பதும், மருந்து மட்டும் கொடுத்தால் என்னவாகும் என்பதும் அதில் இல்லை.

அந்த எண்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஸ்டென்ட்டையும் மருந்தையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 50 மையங்களில் நடந்த சாம்ப்ரிஸ் ஆய்வில், 70 முதல் 99 விழுக்காடு வரை குழாய் சுருங்கிய 451 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2011 ஏப்ரலில் சேர்க்கை நிறுத்தப்பட்டது; காரணம், 30 நாளுக்குள் பக்கவாதமோ இறப்போ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 14.7 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 5.8 விழுக்காடு. மூளைக் குழாயின் சுவர் மெல்லியது. அதிலிருந்து பிரியும் நுண்கிளைகள் மூளையின் ஆழமான பகுதிகளுக்கு இரத்தம் கொண்டுசெல்பவை. ஸ்டென்ட் விரியும்போது நசுங்கும் கொழுப்புப் படிவு அக்கிளைகளின் வாயை அடைத்துவிட்டால், பெரிய குழாய் படத்தில் அழகாகத் திறந்திருந்தும் நோயாளிக்குக் கை கால் விழுந்துவிடும்.

ஸ்டென்ட்டே கூடாது என்பது என் வாதமன்று. மூளைக் குழாய்க்கான விங்ஸ்பேன் என்ற ஸ்டென்ட்டின் அனுமதியை, தீவிர மருந்துக்குப் பிறகும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை பக்கவாதம் கண்டவர்களுக்கு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் சுருக்கியது. அந்த வரம்புக்குள் நின்று 152 பேருக்குச் செய்த வீவ் ஆய்வில் உடனடிப் பாதிப்பு 2.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் தேர்ந்த கைகளால், கவனமாகத் தெரிவுசெய்த நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்த சீன ஆய்விலும் (2022) மருந்தைவிட ஸ்டென்ட் மேல் என்று நிறுவப்படவில்லை: ஓராண்டுக் கணக்கில் பக்கவாதமோ இறப்போ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 8.0 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 7.2.

எனவே என் வேண்டுகோள் சிறியது. படிவம் தமிழில் இருக்கட்டும். நோயாளி எந்த வரம்புக்குள் வருகிறார், உங்கள் மருத்துவமனையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், 30 நாளில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து 90 நாள், மேல் இரத்த அழுத்தம் 140க்குள், கெட்ட கொழுப்பு 70க்குள் என்ற மருந்து வழியையும் அதே தாளில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். அவசரமில்லாத நேரங்களில், கையெழுத்துக்கு முன் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு நாள் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்